கிளவுஸைக் கழற்றி மைக்கைப் பிடிக்க: ஓய்வுபெறும் ஆட்டக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

"சார், சனிக்கிழமை மும்பை வந்துருவீங்களா? பன்னெண்டு நாள் வேலை. டிக்கெட் போட்டுறவா?"

ஒரு வியாழக்கிழமை மதியம், ஆபீஸ் கேன்டீனில் சாம்பார் சாதத்துக்கு அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தபோது வந்த போன் அது. பதினாலு வருஷம் சென்னை லீக்கில் விக்கெட் கீப்பர், நடுவில் ரஞ்சிக் கோப்பையில் ஏழு ஆட்டம், இரண்டு முழங்காலும் போன பிறகு ஓய்வு. தமிழ் வர்ணனைக்குள் நுழைய அந்த ஒரு போனுக்காக எட்டு மாதம் காத்திருந்தேன். வந்தபோது "வர்றேன்" என்று சொல்ல முடியவில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எனக்கு வேலை கொடுத்த அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் கையில் இல்லை. என் விண்ணப்பம் யாரோ ஒருவருடைய மேஜையில், வேறு கோப்புகளுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை வேறொருவர் விமானம் ஏறினார். அந்த சீசன் போச்சு.

அடுத்த வருஷம் உள்ளே வந்துவிட்டேன். ஆனால் அந்த ஒரு வருஷத்தில் நான் மோதிய சுவர்கள் எல்லாமே முன்கூட்டித் தெரிந்திருந்தால் தாண்டியிருக்கக்கூடியவை. அதனால் இதை எழுதுகிறேன்.

இது யாருக்கு? டிவிஷன் லீக், டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்), கொஞ்சம் ரஞ்சி என்று ஆடி, பெயர் பாதி பேருக்குத் தெரிந்து பாதி பேருக்குத் தெரியாமல் ஓய்வுபெறுகிறவர்களுக்கு. கபடி ஆடியவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். இந்திய அணிக்கு ஆடியவர்களுக்கு இது வேண்டாம். அவர்களுக்கு மேனேஜர் இருப்பார்.

அமெரிக்கக் கால்பந்தில் டோனி ரோமோ 2017 ஏப்ரலில் ஓய்வு அறிவித்தார். அந்த செப்டம்பரிலேயே சிபிஎஸ் டிவியின் முதன்மை வர்ணனைக் குழுவில் உட்கார்ந்துவிட்டார், அதற்கு முன் ஒரு ஆட்டம்கூட வர்ணனை செய்யாமலே. அது டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியில் பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக இருந்தவருக்கு. நமக்கு ஒன்றரை வருஷம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

1. ஓய்வை எழுத்தில் கொடுங்கள்

கிளப் கேப்டனிடம் "இந்த சீசனோட போதும்டா" என்று சொன்னதும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பழைய போட்டோ போட்டதும் ஓய்வு ஆகாது. மாநில சங்கத்தின் செயலாளருக்கு ஒரு கடிதம், கிளப் செயலாளருக்கு ஒரு நகல். எந்தத் தேதி முதல், எல்லா வகை ஆட்டங்களிலிருந்துமா அல்லது முதல்தர ஆட்டத்திலிருந்து மட்டுமா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இரண்டு நிமிட வேலை. பின்னால் மூன்று இடத்தில் இந்தக் காகிதத்தைக் கேட்பார்கள்.

ஓய்வுபெறாதவர் வெளிநாட்டு லீக் பக்கம் தலைகாட்டினாலே இந்திய கிரிக்கெட் வாரியம் (பிசிசிஐ) கேள்வி கேட்கும். 2019-ல் தினேஷ் கார்த்திக் கரீபியன் லீக்கில் ஒரு அணியின் டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்திருந்ததற்கு பிசிசிஐ நோட்டீஸ் அனுப்பி, அவர் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டார். ஆடக்கூட இல்லை, உட்கார்ந்ததற்கே அது.

இன்னொன்று: மனசு மாறும். குவார்ட்டர்பேக் ஜே கட்லர் 2017 மே மாதம் ஃபாக்ஸ் டிவியில் வர்ணனைக்கு ஒப்புக்கொண்டு, ஆகஸ்ட்டில் மயாமி அணி கூப்பிட்டதும் மறுபடி ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அது கட்டுப்படியாகும். நீங்கள் வர்ணனைக் குழுவான பேனலில் பெயர் கொடுத்துவிட்டு, பழைய கிளப் கூப்பிட்டது என்று கழன்றுகொண்டால், அந்தத் தயாரிப்பாளர் அடுத்து உங்கள் போனை எடுக்க மாட்டார். முழங்காலைக் கேட்டு முடிவெடுங்கள், மனசைக் கேட்காதீர்கள்.

2. ஏற்கெனவே எத்தனை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

பிசிசிஐ விதிமுறையில் நலன் முரண் (ஒரு பொறுப்பு இன்னொன்றுக்குக் குறுக்கே நிற்பது) பற்றிய பகுதி ஒன்று இருக்கிறது. அதில் ஒருவர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் வகிக்கக் கூடாத பொறுப்புகளின் பட்டியல் உண்டு: நடப்பு ஆட்டக்காரர், தேர்வாளர், அணி அலுவலர், நடுவர், வர்ணனையாளர், சங்க நிர்வாகி, ஐபிஎல் அணியின் ஊழியர், கிரிக்கெட் அகாடமி உரிமையாளர். கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். நம்மில் பாதிப் பேர் ஓய்வுபெற்றதும் செய்கிற முதல் வேலை, மாடியிலோ கல்யாண மண்டபத்துக்குப் பின்னாலோ வலை கட்டி அகாடமி தொடங்குவதுதான்.

நடைமுறையில் சின்ன ஆட்களை யாரும் தேடிவந்து பிடிப்பதில்லை. ஆனால் யாராவது ஒரு புகார் எழுதிப் போட்டால் போதும், இந்திய அணிக்கு ஆடிய வி.வி.எஸ். லட்சுமணே 2019-ல் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. மாவட்டத் தேர்வுக்குழுவில் இருந்தால் முதலில் விலகுங்கள். அகாடமி இருந்தால் அது யார் பெயரில், எந்த வடிவில் இருக்கிறது என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே தயாரிப்பு நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். மறைத்துவைத்துப் பின்னால் மாட்டுவதைவிட இது மேல்.

இது நம் ஊர்த் தலைவலி மட்டுமில்லை. அமெரிக்கக் கால்பந்தின் ஜாம்பவான் டாம் பிரேடி 2024-ல் ஃபாக்ஸில் வர்ணனைக்கு வந்த அதே ஆண்டு அக்டோபரில் ரெய்டர்ஸ் அணியில் சிறு பங்கு வாங்கினார். விளைவு, மற்ற வர்ணனையாளர்கள் ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளர்களையும் ஆட்டக்காரர்களையும் சந்திக்கும் கூட்டங்களுக்கு அந்த சீசன் முழுக்க அவருக்கு அனுமதி இல்லை. நடுவர்களை வெளிப்படையாகக் குறைசொல்லவும் தடை. இரண்டு தோணியில் கால் வைத்தால் அவ்வளவு பெரியவருக்கும் நனையத்தான் செய்யும்.

3. வேலையில் இருப்பவரா? அனுமதிக் கடிதம்தான் உங்கள் முதல் ரன்

நான் சறுக்கியது இங்கேதான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ரயில்வே, வங்கி, தபால் துறை, மின்வாரியம், காவல்துறை, பொதுத்துறை நிறுவனம், எங்கே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இருந்தாலும் வெளியில் பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்ய முன் அனுமதி வேண்டும். தனியார் கம்பெனியிலும் பணி நியமனக் கடிதத்தின் மூன்றாவது நான்காவது பக்கத்தில் இதற்கு ஒரு வரி இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியவை: எந்தத் தொடர், எந்த நிறுவனம், எந்தத் தேதிகள் என்ற விவரம், தோராயமான கட்டணம், அலுவலக வேலை பாதிக்காது என்ற உறுதிமொழி, விடுப்பு விண்ணப்பம், ஓய்வுக் கடிதத்தின் நகல்.

முதலில் வருகிற பொறி இதுதான். அழைப்புக் கடிதம் இல்லாமல் அனுமதி தர மாட்டார்கள். அனுமதி இல்லாமல் அழைப்புக் கடிதம் தர மாட்டார்கள். நான் இந்த வட்டத்திலேயே ஐந்து மாதம் சுற்றினேன். அடுத்த வருஷம் ஒரு மூத்த எழுத்தர் அண்ணன்தான் வழி சொன்னார்: "தம்பி, தொடருக்குக் கேக்காதீங்க. வருஷத்துக்குக் கேளுங்க. 'இந்த நிதியாண்டில் இத்தனை நாளுக்கு மிகாமல் விளையாட்டு வர்ணனைப் பணி'ன்னு பொதுவா எழுதுங்க. ஒவ்வொரு தடவையும் தேதியை மட்டும் தகவலா கொடுத்துக்கலாம்." ஆறு வாரத்தில் கையெழுத்தாகி வந்தது. எல்லா அலுவலகத்திலும் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று உத்தரவாதம் தர முடியாது. கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

அடுத்தது விடுப்பு. ஆடுவதற்குப் போனபோது ஸ்பெஷல் கேஷுவல் லீவ் கிடைத்திருக்கும். வர்ணனைக்கு அது பொருந்தாது. ஈட்டிய விடுப்புதான் போட வேண்டும். அதனால் கடைசி சீசனிலேயே ஈட்டிய விடுப்பைச் சேர்த்துவையுங்கள். என் நண்பர் ஒருவர் பழக்கதோஷத்தில் ஸ்பெஷல் லீவ் போட்டுவிட்டுப் போய், டிவியில் முகம் வந்த மறுநாள் மெமோ வாங்கினார். முகத்தை மறைக்க முடியாத வேலை இது, நினைவிருக்கட்டும்.

கிடைக்கும் கட்டணத்தில் ஒரு பங்கைத் துறைக்குக் கட்டச் சொல்லும் விதி சில இடங்களில் உண்டு. அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. எந்த மைக் உங்களுடையது?

வேலை மூன்று வகை. பந்துக்குப் பந்து ஆட்டத்தை நகர்த்திக்கொண்டு போகிறவர் ஒருவர். ஏன் அப்படி நடந்தது என்று சொல்கிற நிபுணர் இன்னொருவர். ஸ்டுடியோவில் ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் பேசுகிறவர் மூன்றாமவர். ஆடியவர்களை எடுப்பது பெரும்பாலும் இரண்டாவது நாற்காலிக்குத்தான். ஆனால் பெரிய பெயர் இல்லாத நிபுணருக்கு வேலை குறைவு. முதல் வேலையும் தெரிந்தால், ஆள் வராத நாளில் உங்களைக் கூப்பிடுவார்கள். நான் அப்படித்தான் நிலைத்தேன்.

வானொலி வேறு உலகம். அங்கே கேட்பவருக்கு நீங்கள்தான் கண். ஸ்கோரைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், இப்போதுதான் ரேடியோவைத் திருகியவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அப்துல் ஜப்பாரும் ராமமூர்த்தியும் சேப்பாக்கத்திலிருந்து பேசியதை உங்கள் அப்பா தலைமுறையில் யாரிடமாவது கேளுங்கள். பீல்டர் எங்கே நிற்கிறார், பந்து எந்தப் பக்கம் போனது என்பதை அவர்கள் சொன்ன வரிசையை இன்னும் மனப்பாடமாகச் சொல்வார்கள். டிவிக்குப் போவதானாலும் பயிற்சியை வானொலி முறையில் தொடங்குங்கள். இருப்பதைக் குறைப்பது சுலபம், இல்லாததைக் கூட்டுவது கஷ்டம்.

5. நாக்கைப் பழக்குங்கள்

பதினாலு வருஷம் ஸ்டம்புக்குப் பின்னால் நின்று நான் பேசாத பேச்சில்லை. ஆனால் அந்தத் தமிழில் பாதியை ஒளிபரப்ப முடியாது, மீதி பாதி ஆங்கிலம். முதல் தடவை என்னை நானே பதிவுசெய்து கேட்டபோது, பத்து நிமிடத்தில் "ஆக்சுவலி" இருபத்தாறு முறை, "செம" பத்தொன்பது முறை. உட்கார்ந்து கோடு போட்டு எண்ணினேன். நீங்களும் எண்ணுங்கள்.

ஒரு நோட்டில் அடிகளுக்கான வினைச்சொற்களை எழுதிவையுங்கள்: தட்டிவிட்டார், வெட்டினார், இழுத்து அடித்தார், தூக்கி அடித்தார், மடக்கி அடித்தார், வழிநடத்தினார், தடுத்து நிறுத்தினார், விட்டுவிட்டார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஷாட். எல்லாவற்றுக்கும் "அடிச்சாரு" என்று சொல்கிறவர் பத்து ஓவரில் தீர்ந்துபோவார். மிட்விக்கெட், தேர்ட்மேன், எல்பிடபிள்யூ போன்றவற்றைத் தமிழாக்கப் போகாதீர்கள், ஊரில் எல்லோரும் அப்படியேதான் சொல்கிறார்கள்.

ழ, ல, ள மூன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தினமும் காலையில் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தை உரக்கப் படியுங்கள். வெளிநாட்டுப் பெயர்களுக்கு அந்த நாட்டு ஒளிபரப்பில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சினிமா வசனம் ஆட்டத்துக்கு ஒன்று போதும். சிலர் அதிலேயே காலம் தள்ளுகிறார்கள், அது அவரவர் சாமர்த்தியம். எனக்கு ஒத்துவரவில்லை.

6. ரீல் தயாரிப்பது

ரீல் என்பது உங்கள் வர்ணனையின் மாதிரிப் பதிவு. மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் இருபது வினாடிக்குள் உங்கள் சிறந்த பேச்சு வந்துவிட வேண்டும், அதற்குமேல் யாரும் பொறுமையாகக் கேட்பதில்லை.

எல்லோரும் செய்கிற தப்பு: ஐபிஎல் காட்சியை எடுத்து, மேலே தன் குரலைப் போட்டு யூடியூபில் ஏற்றுவது. காட்சி உரிமை உங்களுடையதில்லை. காப்பிரைட் ஸ்டிரைக் வரும். அதைவிட மோசம், வேலை கேட்டுப் போகிற நிறுவனத்தின் சொத்தையே எடுத்து அவர்களிடமே காட்டுகிறீர்கள். பழகுவதற்கு டிவி சத்தத்தை அடைத்துவிட்டு வீட்டுக்குள் பேசுங்கள், அது யாருக்கும் தெரியாது. ரீலுக்கு உங்கள் ஊர் டென்னிஸ் பால் போட்டியையோ கல்லூரி ஆட்டத்தையோ போனில் படம்பிடித்து, அமைப்பாளரிடம் கேட்டுக்கொண்டு, அதற்கு வர்ணனை போடுங்கள். ஊர்ப் போட்டிகளில் மைக் செட்டில் பேசுகிற வாய்ப்புக் கிடைத்தால் சம்பளம் கேட்காமல் ஏறுங்கள். வெயிலில் எட்டு மணி நேரம், எதிரே கேலி செய்கிற கூட்டம், நடுநடுவே "வெள்ளை நிற ஸ்கூட்டியை எடுக்கவும்" என்ற அறிவிப்பு. இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

ரீலுக்கு எனக்கு ஆன செலவு: சட்டையில் குத்தும் மைக் 1,400 ரூபாய், எடிட்டிங் செய்த தம்பிக்கு 2,000. அவ்வளவுதான். "வர்ணனையாளர் ஆக்குகிறோம், சேனலில் ஆளிருக்கிறது" என்று 40,000 கேட்ட ஒரு பயிற்சி நிலையத்துக்கும் போனேன். அங்கே மைக் முன்னால் நின்ற மொத்த நேரம் கால் மணி. அதைத் தனியாக எழுதினால் கோபம் வரும், விடுங்கள்.

7. யாரிடம், எப்போது?

தமிழில் ஆட்டம் போடுகிற இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ், அதே வீட்டு ஜியோஹாட்ஸ்டார், சோனியின் தமிழ் ஒலித்தடம், ஆகாஷ்வாணி. இவற்றில் ஆளெடுக்கிறவர் பெரும்பாலும் வெளியே தெரியாத தயாரிப்பாளர். டிஎன்பிஎல் ஆடியபோது உங்களைப் பேட்டியெடுத்த பெண், ஓரத்தில் ஹெட்போனோடு ஓடிக்கொண்டிருந்த பையன், இவர்கள் எண்ணைத்தான் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆடுகிற காலத்தில் தோற்ற நாளிலும் முகம் சுளிக்காமல் பேட்டி கொடுத்தவர்களை அவர்கள் மறப்பதில்லை.

ஐபிஎல் மார்ச் கடைசியில் தொடங்கும். பிப்ரவரியில் ரீல் அனுப்பினால் பேனல் முடிந்திருக்கும். நவம்பர், டிசம்பரில் அனுப்புங்கள். ஜூன், ஜூலையில் வரும் டிஎன்பிஎல்லுக்குப் பிப்ரவரி, மார்ச். ஒருமுறை அனுப்பி, மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். தினமும் "குட் மார்னிங் சார்" படம் அனுப்பாதீர்கள்.

8. ஆடிஷன்

நாற்பது நிமிடம் நடக்கும். ஒரு பழைய ஆட்டத்தின் சில ஓவர்களைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பேசச் சொல்வார்கள். காதில் தயாரிப்பாளர் குரல் வந்துகொண்டே இருக்கும். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே "அடுத்து கிராபிக்ஸ் வருது, ஸ்கோர் சொல்லாதீங்க, பத்து, ஒன்பது, எட்டு..." என்று ஓடும். பூஜ்யத்தில் உங்கள் வாக்கியம் முடிந்திருக்க வேண்டும். வீட்டில் இதற்குப் பழகுங்கள். என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் பேசும்போது காதில் தலைகீழாக எண்ணச் சொன்னேன். அவளுக்கு அது விளையாட்டு, எனக்கு நாலு நாள் தலைவலி. பிறகு வந்துவிட்டது.

எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். கீப்பருக்கு, வலது கை ஆட்டக்காரரின் ஆஃப் சைடு வலப்பக்கம் இருக்கும். டிவி கேமரா பந்துவீச்சாளருக்குப் பின்னால் இருந்து பார்க்கிறது. அங்கே ஆஃப் சைடு இடப்பக்கம். பதினாலு வருஷப் பழக்கம். ஆஃப் சைடில் இருக்கும் கவர் பக்கம் போன பந்தை, எதிர்ப் பக்கமான "மிட்விக்கெட் திசையில்" என்று அடித்துவிட்டேன், அதுவும் இரண்டு தடவை. கண்ணாடிக்குப் பின்னால் யாரோ சிரித்தது தெரிந்தது. கீப்பர்கள் எல்லோரும் ஆடிஷனுக்கு முன் ஒரு வாரம் திரையைப் பார்த்துப் பக்கம் சொல்லிப் பழகுங்கள்.

பிராந்திய மொழி வர்ணனை பெரும்பாலும் மைதானத்தில் நடப்பதில்லை, மும்பை ஸ்டுடியோவில் திரையைப் பார்த்துத்தான். இயக்குநர் காட்டுவதுதான் உங்களுக்குத் தெரியும். பீல்டர் எங்கே நகர்ந்தார் என்பது அடுத்த ஷாட் வரும்வரை தெரியாது. தெரியாததை ஊகித்து அடித்துவிடாதீர்கள், அடுத்த விநாடியே திரை உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

ஆடியவரை எதற்கு எடுக்கிறார்கள்? பந்து வருவதற்கு முன் சொல்வதற்கு. ரோமோவுக்குப் பெயர் வந்ததே, அடுத்து என்ன ஆட்டம் போடப்போகிறார்கள் என்று பந்தை எடுப்பதற்கு முன்பே சொன்னதால்தான். "அருமையான பந்து, அற்புதமான ஷாட், நான்கு ஓட்டங்கள்" என்பது பார்ப்பவருக்கே தெரியும். "கீப்பர் ரெண்டு அடி முன்னால வந்துட்டாரு பாருங்க, மெதுவான பந்து ஒண்ணு வரப்போகுது." இவ்வளவு போதும். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். வந்தால் திரை சொல்லும். வராவிட்டால் "ஏமாத்திட்டாரு" என்று சிரித்துக்கொண்டு நகருங்கள். ஆடிஷனில் என்னைக் காப்பாற்றியது இப்படிப்பட்ட ஒரே ஒரு வரிதான்.

பெயர் மட்டும் இருந்தால் என்னாகும் என்பதற்கு ட்ரூ பிரீஸ் இருக்கிறார். எத்தனையோ சாதனை வைத்திருந்த குவார்ட்டர்பேக், 2021-ல் ஓய்வுபெற்று என்பிசி டிவிக்குப் போனார். ஒரே சீசனில் முடிந்தது.

9. ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டிய வரிகள்

பத்துப் பக்கம் ஆங்கிலத்தில் வரும், "ஸ்டாண்டர்டுதான் சார், சைன் பண்ணிடுங்க" என்பார்கள். நான் படிக்காமல் போட்டேன். இரண்டாம் வாரம் மழை பெய்தது.

கட்டணம் நாளுக்கா, ஆட்டத்துக்கா? ஒரே நாளில் இரண்டு ஆட்டம் இருந்தால்? மழையில் ஆட்டம் ரத்தானால் முழுப் பணமா, பாதியா, ஒன்றுமில்லையா? எனக்கு அந்த வரி ஒன்றுமில்லை என்று இருந்தது. மூன்று நாள் ஹோட்டலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காத்திருக்கும் நாளுக்குப் பாதியாவது கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள்.

பயணம், தங்குமிடம், தினப்படி யார் பொறுப்பு? வேறு சேனலில் பேசக் கூடாது என்ற தடை தொடர் முடியும் வரையா, வருஷம் முழுக்கவா? பன்னிரண்டு நாள் வேலைக்கு ஒரு வருஷத் தடை என்றால் மறுத்துவிடுங்கள். உங்கள் சொந்த யூடியூப் சேனல் இந்தத் தடைக்குள் வருகிறதா?

ஒரு எச்சரிக்கை. டிவியில் முகம் வந்த இரண்டே வாரத்தில் பணம் கட்டி ஆடும் செயலிகளுக்கு "ஒரு சின்ன வீடியோ" கேட்டு ஆள் வருவார். தொகை உங்கள் மொத்த சீசன் கட்டணத்தைவிட அதிகமாக இருக்கும். 2025-ல் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளையும் அவற்றுக்கான விளம்பரத்தையும் சேர்த்தே தடைசெய்கிறது. விளம்பரத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். போனை வைத்துவிடுங்கள்.

10. பில், டிடிஎஸ், ஜிஎஸ்டி

ஆடியபோது சங்கமோ கிளப்போ பார்த்துக்கொண்டிருக்கும். இனி நீங்களே கடை.

முதலில் தயாராக வைக்க வேண்டியவை: பான், ஆதார், ரத்துசெய்த காசோலை, வெள்ளைப் பின்னணியில் புகைப்படம், ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட். "மும்பைக்கு எதுக்கு பாஸ்போர்ட்?" என்று கேட்காதீர்கள். 2014-ல் ஐபிஎல்லின் முதல் இருபது ஆட்டமும் 2020-ல் முழுத் தொடரும் அமீரகத்துக்குப் போயின. பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய். அவசரத்துக்குத் தத்கால் போனால் கூடுதலாக 2,000.

பான், ஆதார், வங்கி மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். நம் ஊர் இனிஷியல் விவகாரம் தெரியுமே. ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயர் விரித்து எழுதியிருக்கும். எனக்குப் பணம் வர இருபது நாள் தாமதமானது இந்த ஒரு எழுத்தால்.

கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தருகிறவரே முன்கூட்டிக் கழித்துக் கட்டும் வருமான வரி, பிடிப்பார்கள். நாளுக்கு 10,000 என்று பன்னிரண்டு நாள் என்றால் 1,20,000. அதில் 12,000 போக 1,08,000 கைக்கு வரும். அந்த 12,000 உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வர்ணனையாளர்களையும் விளையாட்டு நிகழ்ச்சித் தொகுப்பாளர்களையும் இந்த டிடிஎஸ் பிரிவுக்குள் 2008-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் கணக்குப் புத்தகம் இல்லாமல் வருமானத்தில் பாதியை மட்டும் லாபமாகக் காட்டுகிற தொழில்முறைச் சலுகைக்கு வேறொரு பட்டியல். அதில் நாம் இல்லை. "பாதி காட்டினா போதும்" என்று நண்பர் சொன்னதை நம்பாமல் ஒரு ஆடிட்டரைக் கேளுங்கள். டாக்ஸி, சலவை, போன் எல்லாவற்றுக்கும் ரசீது வையுங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுவதால் பழைய எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

டிடிஎஸ் போக வருஷத்தில் 10,000 ரூபாய்க்குமேல் வரி வரும் என்றால் முன்கூட்டியே தவணையில் கட்ட வேண்டும்: ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. சம்பளத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது பலருக்கு இது வந்துவிடுகிறது, வட்டியோடு.

ஜிஎஸ்டி: சம்பளம் நீங்கலாக, இப்படி வரும் மொத்தத் தொகை ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். "நீங்க சென்னை, நாங்க மும்பை, வேற மாநிலம், அதனால கட்டாயம்" என்று ஒரு கணக்காளர் என் பில்லைத் திருப்பி அனுப்பினார். சேவைகளுக்கு அந்த 20 லட்ச விலக்கு மாநிலம் தாண்டியும் உண்டு. மரியாதையாக ஒரு மெயில் எழுதினேன், பில் போனது. பதிவுசெய்தவர் என்றால் 18 சதவீதம் மேலே சேர்த்து வாங்கிக் கட்ட வேண்டும். கையில் வந்ததும் அது உங்கள் பணம் என்று நினைத்துச் செலவழித்துவிடாதீர்கள்.

பணம் வர இரண்டு, மூன்று மாதம் ஆகும். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யமில் பதிவு செய்துகொள்ளுங்கள். சிறு நிறுவனமாகப் பதிவுசெய்தவருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பில்லில் அந்த எண்ணைப் போட்டாலே வேகம் கூடுகிறது. அரசுத் தளத்தில் பதிவு இலவசம். தேடினால் மேலே வருவது அதே போலத் தோற்றமளிக்கும் தரகர் தளங்கள், 1,500, 2,500 என்று கேட்கும். முகவரியில் அரசுக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

எதற்கும் ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு இறங்குங்கள்.

11. முதல் நாள்

ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். இரண்டு அணியின் பட்டியலையும் கையால் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரே ஒரு தகவல். நான் முதல் நாள் பதினெட்டுப் பக்கம் அச்சடித்துக்கொண்டு போனேன். ஏசி காற்றில் அது பறந்து சகவர்ணனையாளர் டீயில் விழுந்தது. அன்றிலிருந்து ஒரே தாள், அட்டையில் ஒட்டி.

முழுக்கைச் சட்டை, உள்ளே பனியன். ஸ்டுடியோ குளிரில் குரல் கட்டும். ஐஸ் வாட்டர் வேண்டாம், பிளாஸ்க்கில் வெந்நீர். இருமல் வந்தால் அழுத்த ஒரு பட்டன் மேஜையில் இருக்கும், உட்கார்ந்ததும் அது எங்கே என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் பிடிக்கிற மைக் என்றால் அதன் மேல்விளிம்பு மேலுதட்டைத் தொட வேண்டும். கூச்சப்பட்டுத் தள்ளிப் பிடித்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

ஓவரின் ஆறாவது பந்தில் கதை தொடங்காதீர்கள். விளம்பரம் வெட்டிவிடும். நானும் முதல் நாள், ரஞ்சியில் என் முதல் ஸ்டம்பிங் பற்றி ஆசையாக ஆரம்பித்தேன். "அன்னைக்குக் காலையில பிட்ச்ல ஈரம், பவுலர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காமிச்சாரு, நான் உடனே..." என்பதோடு சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. திரும்பி வந்தபோது முதல் பந்திலேயே விக்கெட். அந்தக் கதையை நான் இன்னும் முடிக்கவில்லை.